வீட்டுக்குக் கார் சார்ஜர்: ஆம்ப் எவ்வளவு கூடும் என்று கேட்காதீர்கள், எவ்வளவு குறையும் என்று கேளுங்கள்

மின்சாரக் கார் வாங்கியதிலிருந்து ஊரில் யார் பார்த்தாலும் முதலில் கேட்பது எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பது, அடுத்தது பேட்டரி போனால் எவ்வளவு செலவாகும் என்பது. தாங்களும் ஒன்று எடுக்கலாமா என்று பாதி மனதோடு இருப்பவர்கள் மட்டும் மூன்றாவதாக ஒன்று கேட்பார்கள்: "வீட்டுக்கு எத்தனை கிலோவாட் சார்ஜர் வாங்கலாம்?" அதற்கு நான் பதில் சொல்வதில்லை, திருப்பிக் கேட்பேன். உங்கள் வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு எத்தனை வோல்ட் வருகிறது? முக்கால்வாசிப் பேர் முழிப்பார்கள். யாரும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள், அளக்க வேண்டிய அவசியமும் இதுவரை வந்திருக்காது.

நான் இருப்பது மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வேலை தஞ்சாவூரில், போய் வந்தால் எண்பது கிலோமீட்டர் சொச்சம். காரோடு ஒரு போர்ட்டபிள் சார்ஜர் கொடுத்திருந்தார்கள், சாதாரண பவர் பிளக்கில் செருகுகிற மூணு பின் வகை. அதில் ஆம்பை, அதாவது இழுக்கிற கரண்டின் அளவைக் கூட்டக் குறைக்க வழியே கிடையாது. போட்டால் 15 ஆம்ப் இழுக்கும், முடியாவிட்டால் நின்றுவிடும். டவுனில் இருப்பவர்களுக்கு அது தாராளமாகப் போதும், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் வீடு டிரான்ஸ்பார்மரிலிருந்து போகிற லைனில் கிட்டத்தட்ட கடைசி. ஜூன் 12ல் மேட்டூரைத் திறந்தாலும் தண்ணீர் எங்கள் பக்கம் வந்து சேரும் வரை ஃபில்டர் பாயிண்ட் என்கிற ஆழமில்லாத போர்வெல்லை நம்பித்தான் குறுவைக்கு நாற்று விடுவார்கள், சுற்று வட்டாரத்து மோட்டார் எல்லாம் ஒன்றாக ஓடும். அந்த நாட்களில் சாயங்காலத்துக்கு மேல் வீட்டில் 185 வோல்ட் வந்தாலே பெரிய விஷயம். ஃபேன் சுற்றுவது கண்ணுக்குத் தெரியும், காற்றுதான் வராது. அந்த நேரத்தில் கார் 15 ஆம்ப் இழுக்க ஆரம்பித்தால் இருக்கிற வோல்டேஜும் இன்னும் இறங்கி, சார்ஜர் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றுவிடும். காலையில் சட்டை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தால் பேட்டரி ராத்திரி விட்ட இடத்திலேயே இருக்கும்.

அதனால்தான் இரண்டாவது சார்ஜர் ஒன்று வாங்க நேர்ந்தது. வாங்குவதற்கு முன் படித்ததும், எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் அண்ணனோடு உட்கார்ந்து பேசியதும், வாங்கிய பிறகு புரிந்ததும் எல்லாம் கலந்துதான் இங்கே எழுதுகிறேன்.

சார்ஜர் சார்ஜர் என்று நாம் சொல்கிற இந்தப் பெட்டி உண்மையில் சார்ஜரே இல்லை. லைனில் வருகிற ஏ.சி. கரண்டைப் பேட்டரி ஏற்கிற டி.சி. கரண்டாக மாற்றி அனுப்புகிற நிஜமான சார்ஜர் காருக்குள் இருக்கிறது. பெட்டிக்கு வேலை இரண்டுதான். எர்த் இருக்கிறதா, எங்காவது கரண்ட் கசிகிறதா என்று பார்த்து, எல்லாம் சரியென்றால் உள்ளே இருக்கிற ரிலே ஸ்விட்சைப் போட்டு லைனைக் காருக்கு விடுவது ஒன்று. "இவ்வளவுக்கு மேல் இழுக்காதே" என்று காரிடம் சொல்வது இன்னொன்று. அதைச் சொல்வதற்கென்றே காரில் செருகுகிற கன்னில் தனியாக ஒரு பின் உண்டு. அதில் நொடிக்கு ஆயிரம் முறை ஏறி இறங்குகிற ஒரு சிக்னல் போகும், ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பதை வைத்துக் கார் ஆம்பைத் தெரிந்துகொள்ளும். பத்து சதவீத நேரம் மேலே நின்றால் 6 ஆம்ப், இருபத்தேழு சதவீதத்தை ஒட்டிப் போனால் 16 ஆம்ப். 6 ஆம்புக்குக் கீழே இந்த முறையில் இறங்க முடியாது. ஆக, ஆம்பைக் குறைத்து வைப்பது என்பது அந்தச் சிக்னலை மாற்றுவது மட்டும்தான். பெரிய தொழில்நுட்பமும் இல்லை, பெரிய செலவும் இல்லை. அப்படியிருந்தும் பல பெட்டிகளில் இந்த வசதி இல்லாததுதான் எனக்கு ஆச்சரியம்.

இதிலிருந்தே இன்னொரு விஷயமும் தெரியும். காருக்குள் இருப்பது 3.3 கிலோவாட் என்றால் வெளியே 7.2 கிலோவாட் பெட்டியைத் தொங்கவிட்டாலும் 3.3தான் ஏறும். 2022ல் வந்த டாடா டியாகோ ஈ.வி.யை எடுத்துக்கொண்டால் ஒரே பெயரில் 3.3 வைத்த வண்டியும் இருந்தது, 7.2 வைத்த வண்டியும் இருந்தது. வண்டியின் பெயரை மட்டும் சொல்லிச் சார்ஜர் வாங்கப் போகாதீர்கள், உங்கள் வேரியண்ட்டின் புத்தகத்தைப் பிரித்துப் பாருங்கள். அதேபோல "7 கிலோவாட், வீட்டுப் பிளக்கிலேயே போடலாம்" என்று விளம்பரம் கண்ணில் பட்டால் மேலே படிக்கவே வேண்டாம். 16 ஆம்ப் பிளக், 230 வோல்ட், பெருக்கினால் 3.7 கிலோவாட்கூட முழுசாக வராது. 7 கிலோவாட்டுக்கு 32 ஆம்ப் வேண்டும், அதை மூணு பின்னில் இழுத்தால் என்ன ஆகும் என்று பிளக்கே சொல்லிவிடும்.

நான் வாங்கியது 6, 8, 10, 13, 16 என்று ஆம்பை மாற்றக்கூடிய ஒன்று. சின்னத் திரை உண்டு, அதில் வோல்ட், ஆம்ப், ஏறின யூனிட் மூன்றும் தெரியும். மொபைல் ஆப் வசதியுள்ளதும் இருந்தது, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். எங்கள் கொட்டகைக்கு வைஃபை எட்டாது, அப்படியே எட்டினாலும் கரண்ட் போகிற ராத்திரியில் வைஃபையும்தான் போகும். திரை அப்படியில்லை, பக்கத்தில் போய் நின்றாலே நிலவரம் தெரிந்துவிடும்.

இப்போது எங்கள் வீட்டுக் கணக்குக்கு வருவோம். 16 ஆம்பில் போட்டால் நடு ராத்திரிக்கு முன்பே நின்றுவிடுகிறது. 10 ஆம்பில் போட்டால் லைன் அவ்வளவு இறங்குவதில்லை, ராத்திரி பத்துக்கு மேல் 200 வோல்ட் பக்கம் நிற்கிறது. 200 வோல்ட், 10 ஆம்ப், இரண்டு கிலோவாட். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை எட்டு மணி நேரம், 16 யூனிட். காருக்குள் மாற்றுவதில் பத்து பதினைந்து சதவீதம் சூடாகப் போய்விடும், பேட்டரியில் 14 சேரும் என்று வையுங்கள். என்னுடையது போன்ற சின்னக் கார் யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் ஓடும், ஆக நூறு கிலோமீட்டரை ஒட்டி வருகிறது. எனக்குத் தேவை எண்பது. போதும்! யாரைப் பார்த்தாலும் "ஜீரோவிலிருந்து ஃபுல் ஆக எத்தனை மணி நேரம்?" என்று கேட்கிறார்கள், ஆனால் தினமும் யாரும் ஜீரோவில் வீட்டுக்கு வருவதில்லை. இன்றைக்கு ஓடினதை நாளைக்கு விடிவதற்குள் நிரப்ப வேண்டும், அவ்வளவுதான் வீட்டுச் சார்ஜருக்கு வேலை. நிற்காமல் ஓடுகிற பத்து ஆம்ப், நின்று நின்று ஓடுகிற பதினாறைவிட அதிகமாக ஏற்றிவிடும்.

வோல்டேஜ் குறைவு என்றதும் ஸ்டெபிலைசர் வைக்கலாமே என்பார்கள். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். ஸ்டெபிலைசர் வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும்தான், ஆனால் சும்மா கொடுக்காது. வெளியே 220 வோல்ட்டில் 16 ஆம்ப் கொடுக்க வேண்டுமென்றால் 180 வோல்ட் லைனிலிருந்து 20 ஆம்ப் இழுக்கும். ஏற்கெனவே தள்ளாடுகிற லைனில் இன்னும் நாலு ஆம்ப். பக்கத்து வீட்டு ஃபேனும் சேர்ந்து படுக்கும். ஆம்பைக் குறைப்பதுதான் சுலபம், காசும் மிச்சம். சார்ஜர் வாங்கும்போது எந்த வோல்ட்டுக்குக் கீழே போனால் நிற்கும் என்று கேளுங்கள். விவரத் தாளில் போட்டிருப்பார்கள். 200க்கு மேல்தான் ஓடும் என்றால் டெல்டாக் கிராமத்துக்கு அது சரிப்படாது, அதைவிட நன்றாகக் கீழே இறங்கியும் ஓடுகிறதாகப் பாருங்கள்.

சரி, சார்ஜர் வந்துவிட்டது. எங்கே செருகுவது?

முன்பக்கக் கொட்டகையில் ஒரு பவர் பிளக் ரொம்ப காலமாக இருந்தது, அப்பா வீடு கட்டும்போது போட்டது. எலக்ட்ரீஷியன் அண்ணன் அதைக் கழற்றிக் காட்டினார். உள்ளே போயிருந்தது 1.5 ஸ்கொயர் எம்.எம். வயர். திருகு பக்கத்தில் அதன் சிவப்புத் தோல் காப்பிக் கலரில் மாறி, விரலால் தொட்டால் உதிர்கிற அளவுக்கு மொறமொறவென்று இருந்தது. பித்தளைக் கவ்வி ஒன்று வாய் பிளந்துபோய்ப் பின்னைப் பிடிக்காமல் தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருகினார், முக்கால் சுற்று சுற்றியது. "இதுல அயர்ன் பாக்ஸ் போட்டிருப்பீங்க, பத்து நிமிஷம். கிரைண்டர் போட்டிருப்பீங்க, அரை மணி நேரம். விடிய விடிய எதுவுமே இதுல ஓடுனதில்ல தம்பி" என்றார்.

அவர் சொன்னதுதான் மொத்தத்துக்கும் சாவி. நம் வீட்டு ஒயரிங் எதுவும் எட்டு மணி நேரம் தொடர்ந்து முழு லோடு இழுப்பதை நினைத்துப் போட்டதில்லை. அறையைக் குளிர வைக்கிற ஏ.சி.கூட விட்டு விட்டுத்தான் ஓடும். கார் மட்டும்தான் போட்ட நிமிஷத்திலிருந்து எடுக்கிற நிமிஷம் வரை ஒரே இழுப்பாக இழுக்கும். பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் பத்தில் ஒரு ஓம் தடை இருந்தாலே 16 ஆம்பில் 25 வாட் சூடு அந்த ஒரு இடத்தில் கிளம்பும். ரேடியோக் கடையில் ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதை ராத்திரி முழுக்க பிளக்குக்குள் செருகி வைத்ததற்குச் சமம். இதே இடத்தில் 10 ஆம்ப் போனால் சூடு 10 வாட்தான், ஏனென்றால் சூடு ஆம்பின் வர்க்கத்தில் ஏறும். ஆம்பைக் குறைக்கிற வசதி லோ வோல்டேஜுக்கு மட்டுமில்லை, இதற்கும்தான் வேண்டும். வெளியூரில் யார் வீட்டுப் பிளக்கிலாவது போட நேர்ந்தால் நான் 8க்கு மேல் வைப்பதே இல்லை, அரை மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பார்ப்பேன். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை எடுக்கத் தோன்றினால் கழற்றிவிட வேண்டியதுதான். நல்ல சார்ஜர்களில் பிளக் தலைக்குள்ளேயே சூடு பார்க்கிற சென்சார் இருக்கும், சூடு ஏறினால் தானே ஆம்பைக் குறைக்கும் அல்லது நிறுத்தும். கடையில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், சில பெட்டிகளில் பெட்டிக்குள் மட்டும் சென்சார் வைத்துவிட்டுப் பிளக்கை அம்போ என்று விட்டிருப்பார்கள்.

கடைசியில் மெயின் போர்டிலிருந்து காருக்கென்றே தனி லைன் இழுத்தோம், 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர், இடையில் ஒரு ஜாயின்ட்கூட இல்லாமல். லோடு மீறினால் விழுகிற 20 ஆம்ப் இரட்டை எம்.சி.பி., அதோடு கரண்ட் கசிந்தால் விழுகிற 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி., நல்ல கம்பெனி 16 ஆம்ப் சாக்கெட். நீல நிறத்தில் உருண்டையாக இண்டஸ்ட்ரியல் சாக்கெட் ஒன்று இருக்கிறது, மூடியெல்லாம் வைத்து, பிடிமானம் அருமையாக இருக்கும். சார்ஜர் வீட்டை விட்டு எங்கும் போகாது என்றால் அந்தப் பிளக் வைத்தே வருகிற பெட்டியை வாங்குங்கள். நான் ஊர் ஊராக எடுத்துப் போகிறவன், மாமனார் வீட்டில் நீல சாக்கெட்டை எங்கே தேடுவது? மூணு பின்னே போதும் என்று வைத்துக்கொண்டேன். மூணு பின் தலையை வெட்டி எறிந்துவிட்டு வேறு தலை போடுகிற வேலையை மட்டும் செய்யாதீர்கள். வாரண்டியும் போகும், அந்தச் சூடு சென்சாரும் போகும்.

இந்த லைன் மெயினிலிருந்து நேராக வர வேண்டும், இன்வெர்ட்டர் சர்க்யூட்டில் மாட்டிவிடக் கூடாது. பழைய வீடுகளில் எந்தப் பாயிண்ட் எதில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கரண்ட் போனதும் இரண்டு ஃபேனும் நாலு லைட்டும் தாங்குகிற இன்வெர்ட்டர் தலையில் கார் வந்து உட்கார்ந்தால் கத்திவிட்டு அணைந்துவிடும், வீட்டில் தூங்குகிறவர்கள் எல்லோரும் எழுந்து உங்களைப் பார்ப்பார்கள்.

அப்புறம் எர்த். இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

போர்ட்டபிள் சார்ஜர் எர்த் இல்லாவிட்டால் வேலை செய்யாது, சிவப்பு விளக்கு போடும். உடனே நம்மாட்கள் சார்ஜர் கோளாறு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். பெரும்பாலும் சார்ஜர் சரியாகத்தான் இருக்கும், வீட்டு எர்த்துதான் செத்துப் போயிருக்கும். டி.வி.யும் மிக்ஸியும் எர்த் இல்லாமலே ஓடிவிடுவதால் அது செத்துப் பத்து வருஷமானாலும் யாருக்கும் தெரிவதில்லை. எங்கள் வீட்டில் மல்டிமீட்டர் வைத்தபோது பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 210 காட்டியது, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 130ஐ ஒட்டி ஆடிக்கொண்டிருந்தது. அந்த இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது. அண்ணன் மீட்டரை நம்பாதவர், பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 100 வாட் குண்டு பல்பைப் போட்டுப் பார்த்தார். மினுக் மினுக்கென்று சிவந்தது, எரியவில்லை. ஆர்.சி.சி.பி. இருக்கிற வீட்டில் இப்படிச் செய்தால் அது டிரிப் ஆகும், ஆக வேண்டும். இதையெல்லாம் நீங்கள் கை வைக்காதீர்கள், தெரிந்த ஆளை விட்டுச் செய்யுங்கள்.

இந்த இடத்தில்தான் ஒரு குறுக்கு வழி சொல்லித் தருவார்கள். சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடு, சார்ஜர் ஏமாந்துவிடும், பச்சை விளக்கு எரியும் என்று. இதற்கென்றே சின்ன அடாப்டர்கூட விற்கிறார்கள். உண்மைதான், பச்சை விளக்கு எரியும், கார் சார்ஜ் ஆகும். கம்பத்திலிருந்து வருகிற நியூட்ரல் வயர் ஒரு நாள் அறுகிற வரைக்கும் எல்லாம் நன்றாகவே நடக்கும். ஐப்பசி கார்த்திகைக் காற்றில் எங்கள் பக்கம் அது எப்போது வேண்டுமானாலும் அறும். அறுந்த நொடியில் வீட்டிலுள்ள லைட், ஃபேன் வழியாக வருகிற பேஸ் முழுவதும் அந்தத் துண்டு வயர் வழியாகக் காரின் பாடிக்கு வந்து நிற்கும். டயர் ரப்பர் என்பதால் அது தரைக்கும் இறங்காது. ஈரத் தரையில் வெறுங்காலோடு வந்து கதவைத் தொடுகிறவர் வழியாகத்தான் இறங்கும். எந்த எலக்ட்ரீஷியன் இந்த யோசனையைச் சொன்னாலும், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

புது எர்த் போடுவது டெல்டாவில் அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை. இதில் மட்டும் நமக்கு அதிர்ஷ்டம். களிமண், கீழே ஈரம் எப்போதும் இருக்கும், ராடை இறக்கினால் பிடித்துக்கொள்ளும். பாறை ஊர்க்காரர்கள் படுகிற பாடு நமக்கில்லை. கோடையில் மேல் மண் வெடித்துப் பிளக்கும், அதனால் ஆழமாக இறக்க வேண்டும். காப்பர் பூசின ராடும் அதைச் சுற்றிக் கொட்டுகிற மாவும் சேர்த்தே கிடைக்கிறது, பழைய முறையில் கரியும் உப்பும் போட்டு ஜி.ஐ. பைப் இறக்கினாலும் தப்பில்லை. வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் கதை வேறு. உப்பு மண்ணில் கரண்ட் நன்றாகவே இறங்கும், ஆனால் அதே உப்பு ஜி.ஐ. பைப்பைத் தின்றுவிடும். மாமனார் வீட்டில் எர்த் பைப்பின் தலை மட்டும் கம்பீரமாக வெளியே தெரிந்தது, தோண்டினால் முழ ஆழத்துக்குக் கீழே துருப்பொடி. "இருபது வருஷமா நல்லாத்தானே இருந்துச்சு மாப்பிள்ளை" என்றார் மாமா. இருந்ததா இல்லையா என்று பார்க்க யாரும் போகவில்லை, அவ்வளவுதான்.

எர்த் போட்டாயிற்று, எம்.சி.பி. இருக்கிறதே, ஆர்.சி.சி.பி. எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. வீட்டு எர்த்தின் தடை 10 ஓம் என்று வையுங்கள். பேஸ் பாடியில் பட்டால் 230ஐப் பத்தால் வகுத்து 23 ஆம்ப் ஓடும். 20 ஆம்ப் எம்.சி.பி.க்கு 23 ஆம்ப் ஒரு பொருட்டே இல்லை, வெகு நேரம் பேசாமல் இருக்கும். அதுவரை காரின் பாடியில் கரண்ட். ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்ப் கசிந்தாலே கண்ணிமைப்பதற்குள் தட்டிவிடும். அதிலும் ஏ.சி. டைப் வேண்டாம், 'ஏ' டைப் கேட்டு வாங்குங்கள். காருக்குள் ஏ.சி. டி.சி.யாக மாறுகிற இடத்தில் கோளாறு வந்தால் டி.சி. கசியலாம், அது சாதாரண ஏ.சி. டைப் ஆர்.சி.சி.பி.யை மரத்துப்போகச் செய்துவிடும். இதற்காகவே தரமான சார்ஜருக்குள் 6 மில்லி ஆம்ப் டி.சி. கசிவைப் பிடிக்கிற காவல் வைத்திருப்பார்கள். ஸ்டிக்கரில் ஐ.ஈ.சி. 62752 என்று இருக்கிறதா என்று பாருங்கள், போர்ட்டபிள் சார்ஜருக்கான தரம் அதுதான். வெறுமனே சி.ஈ. என்று இரண்டெழுத்து போட்டிருப்பதை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை, அதைப் பொம்மைப் பெட்டியிலும் பார்க்கலாம்.

விவரத் தாளில் யாரும் பெரிதாகப் போடாத, ஆனால் நம் ஊருக்கு ரொம்ப முக்கியமான ஒன்று: கரண்ட் போய் வந்தால் சார்ஜர் தானாகத் திரும்ப ஆரம்பிக்குமா? சிலது ஆரம்பிக்கும், சிலது யாராவது வந்து பட்டனைத் தட்ட வேண்டும் என்று காத்திருக்கும். ராத்திரி இரண்டு மணிக்குப் போய் இரண்டரைக்கு வந்தால் யார் எழுந்து தட்டுவது? அதோடு, ஆரம்பிக்கும்போது நாம் வைத்த 10 ஆம்பிலேயே ஆரம்பிக்கிறதா, 16க்குத் தாவிவிடுகிறதா என்றும் கேளுங்கள். கடையிலேயே செருகி, ஸ்விட்சை அணைத்துப் போட்டுக் காட்டச் சொல்லலாம், திரையில் எத்தனை ஆம்ப் வந்து நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

பெட்டியை எப்படி மாட்டுவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. நிறைய வீடுகளில் பிளக்கைச் செருகிவிட்டுப் பெட்டியை அந்தரத்தில் தொங்க விட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பெரிய பித்தளைச் செம்பு கனம் இருக்கும், அந்தக் கனம் முழுவதும் பிளக்கைக் கீழே இழுக்கும், பின் கோணி, கவ்வி தளர்ந்து, மேலே சொன்ன சால்டரிங் அயர்ன் கதை ஆரம்பிக்கும். சுவரில் ஒரு கொக்கி அடித்துப் பெட்டியை அதில் மாட்டுங்கள், பிளக் வயர் தளர்வாகத் தொங்கட்டும். கொக்கி இடுப்புக்கு மேல் இருக்கட்டும். பெட்டி ஐ.பி. 67, தண்ணீரில் முங்கினாலும் ஒன்றும் ஆகாது என்பார்கள், பெட்டிக்கு ஆகாதுதான். அதோடு சேர்ந்த மூணு பின் தலைக்கு அந்தப் பெருமை கிடையாது. கேபிளைச் சுருட்டித் தரையில் போடாதீர்கள். அறுவடை முடிந்ததும் வயல் எலி வீட்டுக்குக் குடி வரும், அதற்குக் கேபிள் தோல் என்றால் கரும்பு. கன்னின் ரப்பர் மூடியை மறக்காமல் போடுங்கள், இரண்டு நாள் திறந்து வைத்தால் குளவி மண் கூடு கட்டிவிடும்.

கரண்ட் பில் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீட்டு இணைப்பிலேயே கார் சார்ஜ் செய்யலாம், தனி இணைப்பு கட்டாயமில்லை. மத்திய மின் அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே அது இருந்தது. ஆனால் நம் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, படிக்கட்டுக் கணக்கு. 2024 ஜூலைக் கட்டணத்தில் 401 முதல் 500 யூனிட் வரை யூனிட்டுக்கு 6.45 ரூபாய், அடுத்த நூறுக்கு 8.55, 601லிருந்து 800 வரை 9.65, ஆயிரம் வரை 10.70. வீட்டுக்கு 300 யூனிட் ஓடுகிற இடத்தில் என்னைப்போல ஓட்டுகிறவர் கார் இன்னொரு 650 சேர்த்தால் பில் ஆறாயிரத்தைத் தாண்டும். பார்த்ததும் பகீர் என்றுதான் இருக்கும். அந்த இரண்டு மாதத்தில் ஓடிய நாலாயிரம் கிலோமீட்டருக்குப் பெட்ரோல் போட்டிருந்தால் இருபதாயிரத்தைத் தாண்டியிருக்கும் என்று வீட்டில் உட்கார்ந்து விளக்க வேண்டும்.

பில்லைப் பார்த்த பிறகு சிலருக்கு வயல் ஞாபகம் வரும். பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம், கொட்டகைக்குப் பக்கத்திலேயே கார் நிறுத்தலாம், ராத்திரி போட்டால் யாருக்குத் தெரியும்? வேண்டாம். விவசாயத்துக்குக் கொடுத்த இணைப்பை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது 2003 மின்சாரச் சட்டத்தின் 126வது பிரிவில் வரும், உரிய கட்டணத்தைப்போல இரண்டு மடங்கு போடுவார்கள். பெரும்பாலான மோட்டார் கொட்டகைகளில் நம்பும்படியான எர்த்தும் கிடையாது. சார்ஜர் சிவப்பு விளக்குப் போடும், அப்புறம் அந்தத் துண்டு வயர் யோசனைக்கு ஆள் வந்துவிடும்.

புயல் நாட்களுக்கு வேறு நியாயம். 2018 நவம்பர் 16ல் கஜா கரையேறியபோது வேதாரண்யம் பக்கம் கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்து, வாரக் கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர்கள் எத்தனையோ. மாமனார் வீட்டில் அந்த நாட்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்றைக்கும் ராத்திரி சாப்பாடு தள்ளிப்போகும். எச்சரிக்கை வந்த உடனேயே, லைன் தாங்கினால் 16 ஆம்பில் போட்டு நூறு சதவீதம் ஏற்றிவிட்டு, பெட்டியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிடுவேன். ஜெனரேட்டரில் ஏற்றிக்கொள்ளலாம் என்று நம்ப வேண்டாம், வாடகை ஜெனரேட்டரில் எர்த் சரியாகக் கட்டியிருக்காது, நல்ல சார்ஜர் அதில் வேலை செய்ய மறுத்துவிடும். இடி மின்னல் வந்தாலும் கழற்றிவிடுவதுதான் என் வழக்கம். மெயின் போர்டில் திடீரென்று பாய்கிற வோல்டேஜைத் தடுக்கிற சர்ஜ் புரொடெக்டர் போட்டிருக்கிறேன், இருந்தாலும் மனசு கேட்பதில்லை.

7.2 கிலோவாட் யாருக்கு என்றால், கும்பகோணத்தில் இருக்கிற என் சித்தப்பா மாதிரி ஆட்களுக்கு. டவுன் லைன், வீட்டில் மூணு பேஸ், வண்டியும் 7.2 வாங்குகிற வகை, ஒரே நாளில் திருச்சி போய் வந்து சாயங்காலம் மாயவரம் கிளம்புகிறவர். 32 ஆம்புக்கு 6 ஸ்கொயர் எம்.எம். வயர், 40 ஆம்ப் எம்.சி.பி., நீல சாக்கெட், எல்லாம் போட்டாயிற்று. ஆனால் அவர் வீடு பழைய திண்ணை வீடு, கார் தெருவில்தான் நிற்கும். மீட்டர் திண்ணைச் சுவரில் இருப்பதால் அங்கேயே பெட்டியை மாட்டினோம். அவர் காருக்கு சார்ஜிங் மூடி பின்பக்கம் இடது கையில், தெருவோ ஒரு பக்கமாகத்தான் கார் நுழைகிற தெரு. கேபிள் எத்தனை மீட்டர் வேண்டும் என்று காரை நிறுத்தி, மூடியிலிருந்து கொக்கி வரை கயிறு பிடித்து அளந்தோம், தரையோடு தளர்வாகப் போகிற மாதிரி. ஐந்து மீட்டர் கேபிள் எட்டவில்லை, ஏழு மீட்டர் உள்ளதாகத் தேடி வாங்கினார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு நீட்டிக்கொள்ளலாமே என்றார் கடைக்காரர். அந்தக் கடையில் வாங்கவில்லை.